மாடி அறைக்கு ரத்தினம்மா வந்தார்

ஜனவரி 19, திங்கள்

பனி. வெயில் ஏறும்வரை மலையே தெரியவில்லை.

லலிதா அம்மா வீட்டு மாடி முழுக்கக் கழுவிவிட்டேன். நாளை புது ஆள் வருகிறது, அமெரிக்கா. இரண்டு மாதம் இருப்பாராம். முடிந்தது: திரைத்துணி துவைத்தது, ஒட்டடை, பாத்ரூமுக்கு பிளீச்சிங், கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டது. மீதி: புது பக்கெட், கொசுவத்தி.

ல. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்த மாதம்தான் அறுவடை. வருகிறவர் பெயர் லொரெட்டா. ரிடையர் ஆனவர், சைவம், மெசேஜில் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாகப் போடுகிறார் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ல. அம்மாவுக்கு வேறென்ன வேண்டும். போனில் போட்டோ இருக்கிற இடத்தில் பூனைப் படம். பூனையும் நல்ல பூனைதான்.

வீட்டுக்கு வந்தால் நித்யா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், செங்கத்திலிருந்து. நாத்தனார் பூங்கொடி கொண்டுவந்த இடம். ஸ்டுடியோக்காரன் நித்யாவின் போட்டோவைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கொடுத்திருக்கிறான். பூங்கொடி அதையே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"இது யாரும்மா?" என்றாள் நித்யா.

எனக்கும் தெரியவில்லை. ரசம், அப்பளம் வைத்துச் சாப்பிட்டோம்.

ஜனவரி 20, செவ்வாய்

என்ன எழுதுவது என்றே புரியவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

கார் வந்து நின்றது. ல. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனார். காரிலிருந்து இறங்கியவர் நல்ல உயரம். அறுபதுக்கு மேல் இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி. கறுப்பு. நம்மூர்க் கறுப்பு இல்லை, அதைவிடவும் கறுப்பு. கைகூப்பி, "வணக்கம்" என்றார். பயிற்சி எடுத்து வந்திருக்க வேண்டும், உச்சரிப்பு சுத்தம்.

ல. அம்மாவின் கை கேட் தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. "ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"மல்லிகா, மோட்டார் எரிஞ்சு போச்சு, மாடிக்குத் தண்ணி ஏறலன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

அந்த மோட்டார் போட்டுத்தான் காலையில்கூட மாடிப்படி கழுவினேன். ல. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், பிறகு வேறு யாரும் வாடகைக்கு வரமாட்டார்கள், உனக்குப் புரியாது என்று என்னென்னவோ சொன்னார். புரியாமல் என்ன.

வெளியே போனேன். லொரெட்டா பெட்டிமேல் உட்கார்ந்து பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "மோட்டார்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீட்டில் வேலை செய்து செய்து கற்ற இங்கிலீஷ் என்னுடையது. அதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது போலிருக்கிறது.

"மோட்டார் குட். மேடம் நோ லைக்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னமாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். எங்கெங்கோ போன் போட்டார். சீசன், எல்லா இடமும் நிரம்பிவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, என் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நித்யா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ அடி அண்ணாமலை திரும்பும்போதுதான் அது உறைத்தது.

நித்யா அப்பா கொத்தனார். மாடி அறையைத் தன் கையால் கட்டியவர். வாசலில் இறங்கியவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படி ஏற அவங்களுக்குச் சிரமம் இருக்குமா என்று மட்டும் கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டார்.

நல்ல மனுஷன். இதை நேரில் சொன்னால் தலைகால் புரியாது, அதனால் இங்கே மட்டும்.

ஜனவரி 21, புதன்

வழக்கம்போல வேலைக்குப் போனேன். பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்து, காய் நறுக்கி வைக்கும்வரை ல. அம்மா பேசவில்லை. கிளம்பும்போது கூடத்தில் நின்றார்.

"உன்னை வீட்டு மனுஷியா நெனச்சேன். என் மானத்தைத் தெருவுல விட்டுட்ட. நாளைலேர்ந்து வர வேணாம்."

சரிங்கம்மா என்றேன். பின்பக்கம் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நித்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்த வீடு. ஐயா இறந்தபோது ல. அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

அங்கே விட்டுவந்த என் பொருட்கள்: குடை, சீப்பு, டிபன் டப்பாவின் மூடி. டப்பா இங்கே இருக்கிறது.

அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை வந்தது. பிறகு சரியாகிவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

தெருவே எங்கள் வாசலில். "வெள்ளைக்காரம்மா வந்திருக்காங்கன்னு சொன்னாங்களே, இவங்க நம்ம கலராதானே இருக்காங்க" என்று எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரே குழப்பம். வெளிநாட்டுக்காரர் என்றாலே வெள்ளைக்காரர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரேஷன் கடைக்குப் போய்வந்த ஒரு தாத்தா நின்று, வெஸ்ட் இண்டீஸா என்று கேட்டுவிட்டு, அந்தக் காலத்துப் பந்துவீச்சாளர்களைப் பற்றி வெகுநேரம் பேசினார், தமிழில். லொரெட்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிள்ளைகளுக்கு லொரெட்டா என்று வாயில் வரவில்லை. ரெட்டாம்மா என்றார்கள், மத்தியானத்துக்குள் ரத்தினம்மா ஆகிவிட்டது. அவருக்கு அர்த்தம் சொன்னேன். ரொம்பப் பிடித்துவிட்டது. இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரத்தினம்மா தபால்காரராக இருந்தவராம். தெருத்தெருவாக நடந்தே ரிடையர் ஆனவர். அவ்வளவு விறுவிறுவென்ற நடை அதனால்தான்.

சாயங்காலம் குழாயடியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். அவரும் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம், நீங்கள் விருந்தாளி என்று சொன்னதைக் கேட்கவில்லை. வாகாகத் தேய்த்தார். அப்போது தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை வேலையிலிருந்து வந்த நித்யா சொன்னாள்.

அவர் அம்மா வெள்ளைக்காரர்கள் வீட்டில் வேலை செய்தவர், வாழ்நாள் முழுக்க. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவர் கையில் வளர்ந்தவர்கள். ஆனால் போவதும் வருவதும் பின்வாசல் வழியாக. சாப்பாடு சமையலறையில் நின்றபடி. அவருடைய தட்டு மட்டும் தனியாக, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே. சின்ன வயதில் அம்மாவோடு ஒருநாள் போன ரத்தினம்மா அந்தத் தட்டைப் பார்த்து, உங்களுக்கு மட்டும் பூப்போட்ட தட்டா என்று ஆசையாகக் கேட்டாராம்.

ல. அம்மா வீட்டில் என் டம்ளர் எங்கே இருக்கும் தெரியுமா என்று கேட்டேன். கொல்லைப்புற ஜன்னல் மேல், கவிழ்த்து வைத்திருக்கும். நானே கழுவி நானே கவிழ்க்க வேண்டும்.

நித்யா மொழிபெயர்த்து முடித்ததும் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றாள் நித்யா. அவளிடம் விளக்க முடியவில்லை. அவள் கண்தான் கலங்கியிருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

பூங்கொடி வந்தாள். ஞாயிறு ஏற்பாடு: கேசரி, போண்டா, நாற்காலி எதிர்வீட்டில் வாங்கிக்கொள்வது. எல்லாம் பேசி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தம்மாவ வெளிய அனுப்பிடுங்க. ஏற்கெனவே பொண்ணு கலர் கம்மின்னு ஒரு இடம் கைவிட்டுப் போச்சு. வர்றவங்க ஏதாவது நெனச்சுக்கப் போறாங்க."

பூங்கொடி கெட்டவள் இல்லை. அவளையே கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான் மூன்று இடத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். நித்யாவுக்கு அது வரக்கூடாது என்றுதான் அலைகிறாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

யோசித்தேன். ஞாயிறு பெரிய கோயிலில் விசேஷ பூஜை, நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு வாங்க என்று சொல்லலாம். ரத்தினம்மா சந்தோஷமாகவே போவார். எந்தச் சேதமும் இல்லை. சொல்வதற்காக மாடி ஏறினேன். பாதிப்படியில் கால் நின்றுவிட்டது.

இதுவும் மோட்டார்தானே.

இறங்கி வந்துவிட்டேன். மேலே இருந்து எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். டீ வேண்டுமா என்று கேட்க வந்தேன் என்றேன். டீ போட்டேன்.

ஜனவரி 24, சனி

நித்யாவிடம் அத்தை சொன்னதைச் சொன்னேன். ரத்தினம்மா வெளியே போனால் நானும் கூடப் போகிறேன், மாப்பிள்ளை வந்து உங்களையும் அப்பாவையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். பேச்சு அவள் அப்பா மாதிரி கம்மி, வந்தால் இப்படித்தான் வரும்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். பையன் நம்பரை அத்தையிடமிருந்து வாங்கி, வேலை செய்கிற லேபில் வெள்ளைக் கோட்டு போட்டு எடுத்த தன் போட்டோவை நேற்றே அனுப்பிவிட்டாளாம். வெளுக்காத போட்டோ. பதில் வந்ததா என்றேன். கட்டைவிரல் மட்டும் வந்தது என்றாள். கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று நானும் நித்யா அப்பாவும் பேசிக்கொண்டே இருந்தோம்.

ரவை, முந்திரி, நெய் வாங்கியாயிற்று. வாழை இலை நாளை.

ஜனவரி 25, ஞாயிறு

வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன். பையன் பெயர் இளங்கோ, ஏ.சி. மெக்கானிக். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான், பாவம், யார் வாரிவிட்டார்களோ.

ரத்தினம்மா என் பச்சைப் புடவையைக் கேட்டுக் கட்டிக்கொண்டார். என் ரவிக்கை எங்கே சேரும், தன் வெள்ளைச் சட்டை மேலேயே கட்டினார். உயரத்துக்குப் புடவை கணுக்காலுக்கு மேலே நின்றது. அழகாகத்தான் இருந்தார். பூங்கொடி என்னை முறைத்தாள். நான் கேசரியைக் கிளறினேன்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் ரத்தினம்மாவைத்தான் பார்த்தார். இவங்க யாரு என்றார். பூங்கொடி வாயைத் திறப்பதற்குள் நித்யா அப்பா பேசினார். எங்கள் கல்யாணத்திலிருந்து நாலு பேர் முன்னால் இவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"எங்க வீட்ல இருக்கறவங்க. வேண்டப்பட்டவங்க."

அவ்வளவுதான். அந்த அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு போண்டா எடுத்துக்கொண்டார்.

நித்யா காபி கொண்டுவந்தாள். தாய்மாமன் அவளையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோல இன்னும் கொஞ்சம் கலரா இருந்துச்சே" என்றார், சிரித்துக்கொண்டே.

"அது ஸ்டுடியோக்காரர் போட்ட கலருங்க. என் கலர் இதுதான்" என்றாள் நித்யா. குரல் உயரவே இல்லை. காபித் தட்டையும் இறக்கவில்லை.

இளங்கோ, தாய்மாமன் கையிலிருந்த போட்டோவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அது செல்லாது மாமா, சரியான போட்டோ என் போனில் இருக்கிறது, முந்தாநாளே பார்த்துவிட்டேன் என்றான். பூங்கொடி போட்டோவையே பார்க்காதவள் மாதிரி கூரையைப் பார்த்தாள்.

ரத்தினம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தமாதிரி உட்கார்ந்திருந்தார். இளங்கோ அவரிடம் இங்கிலீஷில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டான். தபால் என்றதும், நாய் துரத்தியிருக்கிறதா என்று கேட்டான். அதற்குப் பிறகு நாய்க் கதைதான். மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். கேசரி மீதி இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்று எதுவும் எழுதவில்லை. துவைக்க ஒரு மூட்டைத் துணி.

இன்று மத்தியானம் பூங்கொடி ஓடிவந்தாள். அவர்களுக்குச் சம்மதம். அழுகிறாள், என்னைக் கட்டிக்கொள்கிறாள், மாடிக்குப் போய் ரத்தினம்மாவையும் கட்டிக்கொண்டாள். அவர் எதற்கென்று தெரியாமல் இவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நித்யா இன்னும் சரி என்று சொல்லவில்லை. இளங்கோவோடு நாலைந்து தடவை பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளாம். பூங்கொடிக்கு நெஞ்சே நின்றுவிட்டது. பேசட்டும் என்றார் நித்யா அப்பா. ஞாயிறு பேசிய தைரியம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

நல்ல வெயில். மிளகாய் காயவைத்தேன்.

வாசலில் ஆட்டோ. ல. அம்மா இறங்கினார். இந்த வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை, நான் கூப்பிட்டதும் இல்லை. கையில் என் குடை, சீப்பு, டப்பா மூடி. மூன்றையும் ஒரு நல்ல பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மெலிந்துவிட்டார். புதிதாக வைத்த பெண் இரண்டு நாளில் நின்றுவிட்டாளாம். ஆனால் அதற்காக மட்டும் வந்தமாதிரி தெரியவில்லை.

ரத்தினம்மா படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ல. அம்மா அவர் முன்னால் போய் நின்றார். ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவருக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் என்னிடம் திரும்பித் தமிழில்தான் சொன்னார்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்கிட்டதான்னு சொல்லு மல்லிகா."

சொன்னேன். ரத்தினம்மா கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தார். அன்றைக்கு ரொம்ப தூரத்திலிருந்து வந்திருந்தேன், களைப்பாக இருந்தேன், அது வலித்தது என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு நகர்ந்து படியில் இடம் விட்டார். ல. அம்மா உட்கார்ந்தார். நான் காபி கலக்கிக்கொண்டு வந்தேன், மூன்று டம்ளர், ஒரே மாதிரி. ல. அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார். எச்சில் பண்ணியே குடித்தார், தூக்கிக் குடிக்கவில்லை.

மாடி காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று ரத்தினம்மாவைக் கேட்டார். எனக்குப் பக்கென்றது. இங்கே ஜன்னலில் மலை நேராகத் தெரிகிறது, பூண்டும் பாதி உரித்துவிட்டேன் என்றார் ரத்தினம்மா.

நீ எப்போ வர்றே என்று ல. அம்மா என்னைக் கேட்டார். மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வரேம்மா. காலைல மட்டும். முன்வாசல் வழியா வருவேன். ஜன்னல் டம்ளர் வேணாம், நீங்க குடிக்கறதுலயே குடிக்கறேன்."

கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ல. அம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "திங்கக்கிழமை வா" என்றார்.

ஆட்டோ போனபிறகுதான் படியில் உட்கார்ந்தேன். ரத்தினம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூண்டு வாசனை.

பிப்ரவரி 1, ஞாயிறு

பௌர்ணமி. நேற்றிலிருந்தே கூட்டம், எங்கள் தெருமுனை வரைக்கும் செருப்பும் கரும்புச் சக்கையும். நாங்களும் மலை சுற்றினோம். ரத்தினம்மா போட்ட நடைக்கு நித்யா அப்பா திணறிப்போனார், வழியில் இரண்டு இடத்தில் சாமி கும்பிடுகிற சாக்கில் உட்கார்ந்தார். ஒரு பஸ்ஸில் வந்த பெண்கள் ரத்தினம்மாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவர் நெற்றியில் விபூதி வைத்தாள். அந்த நெற்றிக்குத்தான் விபூதி என்னமாய் எடுத்துக்காட்டுகிறது.

நித்யா பின்னால் போனில் பேசிக்கொண்டே வந்தாள். இளங்கோதான். ஒரு வார்த்தைகூடக் காதில் விழாதபடி தள்ளியே வந்தாள். சிரித்தது மட்டும் கேட்டது.

பிப்ரவரி 2, திங்கள்

கால் வலி. பனி கம்மி.

ல. அம்மா வீடு. முன்வாசல் கேட்டைத் திறக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் பால் வாங்க வந்தவர் பார்த்தார். பார்க்கட்டும். ல. அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒரு வாரக் குப்பை. பாத்திரம் மலை மாதிரி. எல்லாவற்றையும் முடித்தேன். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, சண்டையும் இல்லை.

முடித்ததும் காபி கலக்கி, சாப்பாட்டு மேசையில் இரண்டு டம்ளர் வைத்தார். உட்கார் என்றார். உட்கார்ந்தேன். அந்த நாற்காலிகளை எத்தனை முறை துடைத்திருக்கிறேன், தூக்கி மாற்றிப் போட்டிருக்கிறேன். நான் உட்கார்ந்ததற்கு ஒரு கால் ஆடுகிறது. உட்கார்ந்தால்தான் தெரிகிறது. ல. அம்மாவிடம் சொன்னேன். அப்படியா என்று எழுந்துவந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு, தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். ஆமாம், ஆடுகிறது என்றார்.

நாளை அட்டை ஒன்று மடித்துக் கொண்டுபோக வேண்டும்.